பசராப் வம்சத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ்

ஆதிமூலம் அண்ணன் என் கடைக்குள் வரும்போது முதலில் அவருடைய துண்டு வரும். பிறகு வயிறு. உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகு வம்சம் வரும். அன்றைக்கு வம்சம் முதலில் வந்துவிட்டது.

"சங்கரு, பசராப்புன்னா இன்னான்னு தெரியுமா ஒனக்கு?"

திண்டிவனம் ரோட்டில் ஃபிளெக்ஸ் அடித்துப் பிழைக்கிறவன் நான். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கையில்தான் பிரிண்ட் ஆகின்றன. தெரியாத சொல் காதில் விழுந்தால் அளவைக் கேட்பது தொழில் பழக்கம்.

"எத்தினி அடிக்கு எத்தினி அடிண்ணே?"

"அடியா? யோவ், அது வம்சம்யா! ராஜ வம்சம். ருமேனியாவுல."

ஆதிமூலம் அண்ணனுக்குச் செஞ்சியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி. அது வயிற்றுக்கு. மனசுக்கு, 'செஞ்சிக் கோட்டை வம்சாவளியினர் பேரவை'. அவர்தான் நிறுவனத் தலைவர். எந்த வம்சம் என்று பேரவை இதுவரை சொன்னதில்லை. கோன்கள் கட்டி, நாயக்கர்கள் பெருக்கி, பிஜப்பூர்க்காரர்கள் பிடித்து, மராட்டியர்கள் பலப்படுத்தி, முகலாயர்கள் முற்றுகையிட்டு, பிரெஞ்சுக்காரனும் வெள்ளைக்காரனும் மாறி மாறிக் கொடியேற்றிய கோட்டை அது. ஒருவரைச் சொன்னால் இன்னொருவர் வாரிசு கோபித்துக்கொள்வார். ஆகவே பொத்தாம்பொதுவாக வம்சம். கோட்டைக்கு உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பட்டம் வந்த நாளிலிருந்து அண்ணன் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். டீ மண்டிக்கு வருகிறது.

பேரவை ஏற்கெனவே இரண்டாக உடைந்த பேரவை. செயலாளராக இருந்த தங்கராசு, ஒரு ஃபிளெக்ஸில் தன் படம் தபால்தலை அளவுக்குச் சின்னதாகப் போய்விட்டதென்று பிரிந்து, 'உண்மை வம்சாவளியினர் பேரவை' தொடங்கினார். இரண்டு பேரவைக்கும் ஃபிளெக்ஸ் நான்தான். வரலாறு எப்படிப் போனாலும் எனக்கு வேலை இருக்கிறது.

நக்கலடிக்காத இடம் ஒன்று உண்டு. வாய்க்கு வாய் வம்சம் என்கிற இந்த மனிதருக்கு வாரிசு இல்லை. அமிர்தவல்லி அண்ணிக்கும் அவருக்கும் பிள்ளை பிறக்கவில்லை. ஊரில் யாரும் இதை அவர் முன்னால் பேசுவதில்லை. பின்னால் பேசாதவர்களும் இல்லை. நான் அந்த இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்வேன்.

"ருமேனியா ராஜாவுக்கும் மண்டிக்கும் இன்னாண்ணே சம்பந்தம்?"

"சம்பந்தந்தான்யா! சம்பந்தம் பண்ணப் போறோம். நம்ம மோனிகாவுக்கு."

மோனிகா அவருடைய தங்கை பவுனம்மாளின் ஒரே மகள். அப்பன் பாண்டுரங்கன் பைக் விபத்தில் போனபோது அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அதற்கப்புறம் படிப்பு, ஹாஸ்டல், ஊர்த் திருவிழாவுக்குப் பாவாடை, எல்லாம் மாமன்தான். சென்னையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். கம்பெனி அவளை ருமேனியாவின் தலைநகரம் புக்கரெஸ்டுக்கு அனுப்பியது. அங்கே அவள் ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் ஒருநாள் நடுவில் நின்றுவிட்டது. திறந்துவிட வந்த மெக்கானிக்கைப் பிடித்துப்போய்விட்டது.

விஷயம் வீட்டுக்கு வந்ததும் மாமன் குதித்த குதியில் மண்டி எடைமேடை ஆடியது. இப்போது எப்படி இந்த மாற்றம்?

"பையன் பேரு இன்னான்னு கேட்டேன். ஆந்திரெய் பசராப்புன்னா. போன்ல தட்டிப் பாத்தேன். வந்துச்சி பாரு! ஆயிரத்து முந்நூறு சொச்சத்துல அந்த நாட்ட உண்டுபண்ணவன் பேரே பசராப்பு. அவன் பேருலதான்யா வம்சமே!"

"லிஃப்ட் மெக்கானிக்குன்னு சொன்னாங்களேண்ணே."

"இருந்துட்டுப் போறான். ராஜ்ஜியம் போயிட்டா ராஜா மவன் இன்னா பண்ணுவான்? கோட்டைய ஆண்டவன் வாரிசு, நான் மல்லாட்ட விக்கல?"



"அவுங்க அம்மா, நைனா?"

"யாரும் இல்லியாம். அநாதையாம். ராஜ குடும்பம்னா அப்படித்தான். பாலுல எதையாவது கலந்துடுவானுங்க."

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மாமன் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வராவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று பவுனம்மாள் மகளிடம் சொல்லியிருந்தாள். "ஒன் அப்பன் இல்ல. நான் தாலி அறுத்தவ, முன்னால வந்து நிக்க வுட மாட்டாங்க. மாமனும் இல்லன்னா நீ எந்த வூட்டுப் பொண்ணுடி?" மோனிகாவுக்கும் மாமன் இல்லாத கல்யாணத்தில் இஷ்டமில்லை. மாமன் வர ஒப்புக்கொண்டதோ பசராப்புக்காக. ஆக, எழுநூறு வருஷத்துக்கு முந்திச் செத்துப்போன ஒருத்தன் தலைமேல் அந்தப் பெண்ணின் கல்யாணம் நின்றுகொண்டிருந்தது.

ஃபிளெக்ஸுக்கு விஷயம் வேண்டுமே என்று நானும் உட்கார்ந்து படித்தேன். முதல் பசராப் கெட்டிக்காரன்தான். ஹங்கேரி ராஜா பெரும்படையோடு வந்தபோது மலைச் சந்தில் மடக்கி, மேலிருந்து கல்லை உருட்டி, அம்பு விட்டு ஓட ஓட விரட்டியிருக்கிறான். அந்த ராஜா வேறொருத்தன் உடுப்பை மாட்டிக்கொண்டு தப்பினானாம்.

"கல்ல உருட்டினானா?" அண்ணனுக்குக் கண் பளபளத்தது. "நம்ம கோட்டையில ராஜகிரி மலை மாதிரியே! கல்லு இருந்தா போதும்யா சங்கரு, வம்சம் தானா வந்துடும்."

ஆனால் அந்தப் பசராப்புக்கு அப்பன் பெயர் ஒரே ஒரு ஆவணத்தில் மட்டும்தான் இருக்கிறது. அந்த அப்பனுக்கு அப்பன் யார் என்று கேட்டால் அங்குள்ள பேராசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அதற்குப் பிறகும் ஒழுங்கில்லை. மூத்தவனுக்குத்தான் பட்டம் என்ற சட்டமே கிடையாது. ராஜாவுக்குப் பிறந்தவனாக இருந்தால் போதும், தாலி கட்டியவளுக்கா கட்டாதவளுக்கா என்று கேட்பதில்லை. பிரபுக்கள் கூடி நின்று இவன்தான் என்றால் இவன்தான். விளைவு, பங்காளிகள் இரண்டு கிளையாகப் பிரிந்து நூறு வருஷம் ஒருவரையொருவர் இறக்கிவிட்டு ஏறியிருக்கிறார்கள். உடம்பில் ஊனம் இருந்தால் பட்டத்துக்கு ஆகாது என்பதால் பங்காளியின் மூக்கை அறுத்துவிடுவதும் உண்டு. நம் பக்கத்தில் வரப்பைத்தான் வெட்டுகிறோம். நாம் நாகரிகமானவர்கள்.

இன்னொருவன் பெயர் நெயாகோயே. வேறு ஒரு பிரபுக் குடும்பத்தில் வளர்ந்தவன். 'நானும் பசராப்தான்' என்று பெயரைச் சேர்த்துக்கொண்டு சிம்மாசனத்தில் ஏறிவிட்டான். நம்பினார்களோ இல்லையோ, ஒப்புக்கொண்டார்கள். அந்த நாட்டுக்காரர்கள் இன்றைக்கும் பெருமையாகக் காட்டுகிற அழகான கோயிலைக் கட்டியவன் அவன்தான். வம்பு வளர்க்கலாமே என்று அண்ணனிடம் இதைச் சொன்னேன்.

"பேர மட்டும் எடுத்துகினு ஒருத்தன் ராஜா ஆயிட்டாண்ணே அங்க."

"அதெல்லாம் ஃபிளெக்ஸ்ல போடாத," என்றார். "கோயில மட்டும் போடு."

போட்டேன். இடது பக்கம் ராஜகிரி, வலது பக்கம் அந்தக் கோயில், நடுவில் ஆந்திரெய். மோனிகா அனுப்பிய படத்தில் அவன் பனிக்குல்லாய் போட்டிருந்தான். குல்லாயை எடுத்துவிட்டுக் கிரீடம் வைக்கச் சொன்னார். வைத்தேன். கீழே, 'பசராப் பேரரசின் இளவரசரே, வருக வருக!' அதற்கும் கீழே, உயர்நிலைப் பொறியாளர் என்று போடச் சொன்னார். "ஆளுங்கள ஒசரத்துக்கு ஏத்துற வேலைதானய்யா?"

ஃபிளெக்ஸ் பஸ் ஸ்டாண்டு எதிரில் ஏறியதும் தங்கராசு வேலையை ஆரம்பித்தார். அதே வம்சத்தில் விளாட் என்று ஒருவன் இருந்திருக்கிறான், எதிரிகளைக் கழுவில் ஏற்றியே பேர் வாங்கியவன். பின்னாளில் வெளிநாட்டுக்காரர்கள் அவன் பெயரை ரத்தம் குடிக்கும் பேய்க்கு வைத்துவிட்டார்கள். தங்கராசு அதை எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டார். கீழே ஒரு வரி: 'மாப்பிள்ளை சிரிக்கும்போது பல்லைக் கவனிக்கவும்.'

ஆதிமூலம் அண்ணன் அதற்கும் மகிழ்ந்தார். "பாத்தியா, எம்மாங் கண்டிப்பான ராஜா!"

பவுனம்மாள் மகிழவில்லை. ஆந்திரெய் வந்து இறங்கிய அன்று மதியம் பூண்டுக் குழம்பு வைத்தாள். அந்தப் பேய்க்குப் பூண்டு ஆகாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அடுத்த ஃபிளெக்ஸுக்குப் படம் எடுக்க நானும் போயிருந்தேன். ஓங்கிய ஆள், வெயிலில் சிவந்து தக்காளியாகி இருந்தான். அண்ணனுக்குப் பக்கத்தில் தரையில் உட்காரக் காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடக்கி நீட்டி ஒரு வழியாக உட்கார்ந்தான். பவுனம்மாள் பூண்டு பூண்டாகப் பார்த்து ஊற்றிவிட்டு, கதவோரமாக நின்று அவன் வாயையே பார்த்தாள். சாப்பிட்டான். மூக்கு ஒழுகியது. துடைத்துக்கொண்டு தட்டை நீட்டினான், இன்னும் கொஞ்சம். அப்புறம் இன்னும் கொஞ்சம்.

பவுனம்மாள் கரண்டியோடு என்னிடம் வந்து மெல்லச் சொன்னாள். "பேயும் இல்ல, பிசாசும் இல்லண்ணா. பசிச்ச புள்ள."

மறுநாள் அவனும் மோனிகாவும் என் கடைக்கு வந்தார்கள். அவன் பஸ் ஸ்டாண்டில் ஃபிளெக்ஸைப் பார்த்துவிட்டான். போனில் எடுத்த படத்தை என் மேஜையில் வைத்து இங்கிலீஷில் கேட்டான்.

"இது நானா?"

"நீங்கதான்."

"என் தலையில் ஏன் இது?"

நான் மோனிகாவைப் பார்த்தேன். அவள் என் கடை விலைப் பலகையைப் பார்த்தாள்.

"சொல்லு," என்றான் அவளிடம்.

அவள் முதலில் எனக்குத்தான் சொன்னாள், தமிழில். "அவரு ராஜாவும் இல்ல ஒண்ணும் இல்லண்ணா. பச்சக் கொழந்தையா இருக்கும்போது யாரோ ஒரு பையில வெச்சி ரயில்வே ஸ்டேஷன்ல வுட்டுட்டுப் போயிட்டாங்க. நல்ல பனிக்காலம். அந்த ஸ்டேஷன் பேரு பசராப்பு. அநாதை இல்லத்துல பேரு எழுதுறவங்க அதையே வெச்சிட்டாங்க. நம்ம ஊர்ல எக்மோர்ல கெடச்சா எக்மோர்னு வெக்கற மாதிரி. எடுத்த போலீஸ்காரர் பேரு ஆந்திரெய்."

"மாமாவுக்குத் தெரியாதா?"

"அநாதைன்னு சொன்னேன். அவராவே ராஜான்னு முடிவு பண்ணிட்டாரு. அன்னிக்குத்தான் மொத மொதல்ல சரின்னாரு. நான் இன்னாண்ணா பண்றது? வாயத் தொறந்தா கல்யாணம் நின்னுடும். கம்முனு இருந்துட்டேன்."

பிறகு அவனிடம் எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொன்னாள். கிரீடம், கோயில், உயர்நிலைப் பொறியாளர். அவன் கடைசியில்தான் சிரித்தான், அதுவும் பொறியாளருக்கு. அப்புறம் சொன்னான், "நிச்சயதார்த்தத்தில் நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்."

"ஒரே ஒரு நாளு வாயை மூடிகினு இருக்கக் கூடாதா?" அவள் தமிழிலேயே கத்தினாள். புரிந்த மாதிரிதான் அவன் பதில் சொன்னான்.

"உன் மாமா நல்ல மனிதர். நேற்று என் தட்டிலிருந்த மிளகாயை எல்லாம் பொறுக்கி எடுத்தார். அவரை ஏமாற்றி உன்னை வாங்கிக்கொண்டு, அப்புறம் அவர் வீட்டில் எப்படி உட்கார்ந்து சாப்பிடுவேன்?"

நான் வேண்டுமானால் கிரீடம் இல்லாமல் இன்னொன்று அடித்துத் தருகிறேன் என்றேன். என்னால் முடிந்த தர்மம் அதுதான்.

அன்று சாயங்காலமே மோனிகா மாமனிடம் சொல்ல மண்டிக்குப் போனாள். அவர் பக்கத்து ஊரான அனந்தபுரத்திலிருந்து மூட்டை கொண்டுவந்த விவசாயிகளை நிற்க வைத்து, மலைச் சந்தில் கல் உருண்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மல்லாட்டையை மேஜை விளிம்பிலிருந்து உருட்டி வேறு காட்டினாராம். "அவரு மூஞ்சப் பாத்ததும் வாயி வரலண்ணா," என்று திரும்பிவந்து என்னிடம் சொன்னாள்.

நிச்சயதார்த்தம் திருவண்ணாமலை ரோட்டு மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்ததுதான். பெண் வீட்டார் ஒரு ஜமக்காளம், மாப்பிள்ளை வீட்டார் எதிரே ஒரு ஜமக்காளம், நடுவில் தட்டு வரிசை. புரோகிதர் லக்னப் பத்திரிகையைப் படிப்பார். இன்னார் கொள்ளுப்பேரன், இன்னார் பேரன், இன்னார் மகன் என்று மூன்று தலைமுறை சொல்லி, பெண்ணுக்கும் அதே மாதிரி சொல்லி, இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் தட்டை மாற்றிக்கொள்வார்கள். பெண் வீட்டு ஜமக்காளத்தில் இடம் போதாமல் மண்டி ஆட்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எதிர் ஜமக்காளத்தில் ஆந்திரெய் ஒருத்தன். பட்டு வேட்டி கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. கல்யாண வீட்டு ஜமக்காளம் அவ்வளவு பெரியது என்பது ஒரே ஒருத்தன் அதில் உட்கார்ந்தால்தான் தெரிகிறது.

முன்வரிசையில் தங்கராசு. அவரைக் கூப்பிட்டது ஆதிமூலம் அண்ணன்தான். எதிரி பார்க்காத பெருமை என்ன பெருமை?

புரோகிதர் கனைத்துக்கொண்டு தொடங்கினார். "பசராப் மகாராஜா கொள்ளுப்பேரனும், மிர்ச்சா மகாராஜா பேரனும்..." அண்ணன் போனில் பார்த்து எழுதிக் கொடுத்த எழுநூறு வருஷத்தை மூன்று தலைமுறைக்குள் அடக்குவது சாமானிய வேலையில்லை. அவர் அஞ்சாமல் செய்துகொண்டிருந்தார். ஆந்திரெய்க்குப் பசராப் என்ற சொல் மட்டும் பிடிபட்டது. கையைத் தூக்கினான், பள்ளிக்கூடத்தில் தூக்குவது மாதிரி. பிறகு எழுந்து நின்றான்.

நாலைந்து வாக்கியம்தான் பேசினான். பேசிவிட்டு மோனிகாவைப் பார்த்தான். மண்டபமே அவளைப் பார்த்தது. அவள் எழுந்தபோது மடியிலிருந்த பூ உதிர்ந்தது.

"அவருக்கு அம்மா அப்பா யாருன்னு தெரியாதாம். பனிக்காலத்துல பையில வெச்சி ஸ்டேஷன்ல வுட்டுட்டுப் போயிட்டாங்களாம். ஸ்டேஷன் பேரைத்தான் வெச்சாங்களாம். ராஜா வம்சம் இல்ல." மாமன் பக்கம் திரும்பினாள். "மாமாகிட்ட மன்னிப்புக் கேக்கச் சொன்னாரு. நானும் கேக்கறேன். எனக்கு மொதல்லயே தெரியும் மாமா."



"அப்ப அந்தக் கிரீடம் ரயில்வேதா?" என்றார் தங்கராசு.

பின்வரிசை சிரித்தது. முன்வரிசை சிரிப்பை அடக்க முயன்று தோற்றது. ஆதிமூலம் அண்ணன் முகத்தை நான் பார்த்தேன். அதை நான் பெரிதாக்கி வெளுப்பாக்கி எத்தனையோ தடவை அச்சடித்திருக்கிறேன். அன்றைக்கு அது சுருங்கிப் பழைய தபால்தலை அளவுக்கு ஆகிவிட்டது. எழுந்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டார். யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

பவுனம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டாள். மோனிகா நின்ற இடத்திலேயே நின்றாள்.

நான் பின்னாலேயே போனேன். ஃபிளெக்ஸ்காரன் என்பதால் எனக்கும் கொஞ்சம் பொறுப்பு உண்டு. மண்டப வாசலில் கட்டியிருந்த இரண்டாவது ஃபிளெக்ஸுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். காற்றில் ஆந்திரெய் முகம் உப்பி உப்பி அடங்கியது, கிரீடத்தோடு.

"எறக்கிடட்டுமாண்ணே?"

 கண்ணை அதிலிருந்து எடுக்காமல், "பனிக்காலமாய்யா?" என்றார்.

"அப்படித்தான் சொல்லிச்சி பொண்ணு."

"பையில வெச்சா?"

"ஆமாண்ணே."

"நானும் ஒங்க அண்ணியும் பாண்டிக்கும் வேலூருக்கும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலஞ்சோம் சங்கரு. மேல்மலையனூரு அம்மன் கோயில்ல அவ உருண்டு பொரண்டு வேண்டிகினா." துண்டால் மூக்கைத் துடைத்தார். "அங்க ஒருத்தி பையில போட்டு வெச்சிட்டு ரயிலேறிப் போயிருக்கா."

நான் ஃபிளெக்ஸின் தளர்ந்த கயிற்றை இறுக்கிக் கட்டினேன்.

"அந்தக் கோயில் கட்டினவன்," என்றார் திடீரென்று, படத்தின் வலது பக்கத்தைக் காட்டி. "பேர எடுத்துகினவன்னியே. அவன யாரு ஒத்துகினது?"

"பிரபுங்கண்ணே. கூடி நின்னு சரின்னாங்க."

"கூடி நின்னு சொன்னா போதுமா?"

"அங்க போதும்."

தலையாட்டினார். துண்டை எடுத்து உதறி மடிப்பு மடிப்பாக வைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பேரவைக் கூட்டத்தில் பேச எழுந்திருக்கும்போது அப்படித்தான் செய்வார். உள்ளே நடந்தார்.

அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அதை அவருக்கு முன்பே ஒருத்தர் செய்துவிட்டிருந்தார். எதிர் ஜமக்காளத்தில், ஆந்திரெய்க்குப் பக்கத்தில், அமிர்தவல்லி அண்ணி உட்கார்ந்திருந்தாள். அதிகம் பேசாத மனுஷி. புருஷன் மேடையேறிப் பேசும்போதெல்லாம் பந்தியில் இலை போட்டுக்கொண்டிருப்பவள். யாரோ கேட்டதற்குச் சொல்லிக்கொண்டிருந்தாள், "அந்தப் பக்கம் எடமில்ல. எனக்கு முட்டி வலி. இங்க காலியா கெடக்குது."

ஆதிமூலம் அண்ணன் நின்று அவளைப் பார்த்தார். அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அவர் போய் உட்கார்ந்தார்.

"எய்துங்க அய்யரே. கொள்ளுத்தாத்தா கன்னியப்பன். தாத்தா விநாயகம். தகப்பன் ஆதிமூலம், தாயார் அமிர்தவல்லி."

கன்னியப்பனுக்கு மேலே யார் என்று பேரவைத் தலைவருக்கே தெரியாது. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். நல்லவேளை, மூன்று தலைமுறைதான் கேட்பார்கள்.

புரோகிதர் பேனாவைத் தூக்கிக்கொண்டு யோசித்தார். "தத்துன்னா குடுக்கறதுக்கு ஒருத்தர் வேணுமே?"

"இத்தினி பேரு இருக்கீங்க இல்ல? ருமேனியாவுல பிரபுங்க கூடி நின்னு ராஜாவையே குடுத்திருக்கானுங்க. ஒரு புள்ளையக் குடுக்க மாட்டீங்களா?"

"குடுத்தோம்!" என்று பின்னாலிருந்து மண்டி ஆட்கள் குரல் விட்டார்கள். முதலாளி கேட்டால் வேறென்ன சொல்வார்கள்? ஆனால் மூட்டை தூக்குகிறவர்களின் குரல் பெரிது, மண்டபம் நிறைந்துவிட்டது. சட்டப்படி செல்லுமா என்று ஒரு வக்கீல் தொடங்கினார். பக்கத்திலிருந்தவர் அவர் கையில் பால்கோவாவைத் திணித்தார்.

தங்கராசு விடவில்லை. "எங்கிருந்தோ வந்தவன். பொண்ணுக்கு அவன் இன்னா மொறை? அதச் சொல்லுங்க!"

தூணோரமாக நின்றிருந்த பவுனம்மாள் முன்னால் வந்தாள். வர விட மாட்டார்கள் என்று அவளே சொன்ன இடத்துக்கு வந்தாள்.

"எங்க அண்ணன் மவன். என் பொண்ணுக்கு மாமன் மவன். மொற மாப்புள்ள. இதுக்கு மேல இன்னாயா வேணும் ஒனக்கு?"

 மாமன் மகன் என்று சொல்லிவிட்ட பிறகு எங்கள் ஊரில் எந்தப் பேரவைக்கும் எதிர்வாதம் கிடையாது. ராஜ வம்சமாவது, ரயில்வேயாவது.

ஒன்றும் புரியாமல் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்த ஆந்திரெய்க்கு மோனிகா குனிந்து மெல்லச் சொன்னாள். சொல்லி முடிக்க நேரமானது. அவன் அவளிடம் ஏதோ கேட்டான்.

"மாமா, கிரீடத்துக்காகவான்னு கேக்கறாரு."

"கிரீடத்த சங்கரு எடுத்துடுவான்." அவர் அவனைப் பார்க்காமல் தட்டிலிருந்த வெற்றிலையைத் திருப்பித் திருப்பி வைத்தார். "எனக்குப் புள்ள வேணும்னு சொல்லு."

அவள் அதை அவனிடம் சொன்னாள். அவன் அந்த நீளக் காலை மறுபடி மடக்கி, அண்ணனுக்கும் அண்ணிக்கும் நடுவில் நெருக்கி உட்கார்ந்துகொண்டான். அமிர்தவல்லி அண்ணி கிண்ணத்திலிருந்த சந்தனத்தை எடுத்து அவன் நெற்றியில் வைத்தாள். மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டாள்.

"அப்ப எங் கையப் புடிச்சி மேடைக்கு யாரு மாமா கூட்டினு வர்றது?" என்றாள் மோனிகா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நீங்கதான் அந்தப் பக்கம் போயிட்டீங்களே."

"நான்தான். அங்கேருந்து நானே கூட்டினு வந்து, இங்க நானே வாங்கிக்கறேன்."

தட்டை அப்படித்தான் மாற்றினார்கள். பெண் வீட்டுப் பக்கம் அண்ணன் எழுந்து நின்று கொடுத்தார், சுற்றி வந்து மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் உட்கார்ந்து வாங்கினார். நடுவில் மூச்சு வாங்கியது.

பந்தியில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கல்யாண ஃபிளெக்ஸுக்கு உத்தரவு கொடுத்தார். "கோட்டை இருக்கட்டும். அந்தக் கோயிலும் இருக்கட்டும், அவன் நல்லவன். பசராப்ப எடுத்துடாத, அது புள்ள பேரு. அதுக்கு முன்னால எம் பேரப் போட்டுக்க."

"கிரீடம்?"

யோசித்தார். மனிதருக்கு அது கஷ்டமான யோசனை. "சின்னதாப் போடு," என்றார்.

எதிர் வரிசையில் மோனிகா ஆந்திரெய் காதில் எதையோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் உதட்டை அசைத்து ஒத்திகை பார்த்தான். பிறகு இலைக்கு மேலே நிமிர்ந்து, மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னான்.

"நைனா! பூண்டுக் குழம்பு!"

ஆதிமூலம் அண்ணன் வாயில் வைத்த சோற்றை விழுங்கினார்.  பிறகு, கையெட்டும் தூரத்தில் நின்றிருந்த பரிமாறுகிறவனைப் பார்த்து, பேரவை மைக்கில்கூட வராத குரலில் கத்தினார்.

"இன்னாய்யா நின்னுகினு இருக்கற? எம் புள்ள கேக்கறது காதுல வியல?"